அரைவயிற்று உறக்கம்: நெடுநாள் கிடந்த ட்ரோன் பாட்டரிகளை எழுப்புதலும் காத்தலும்

தை மாதத்துச் சம்பா அறுவடையோடு வேலை முடிந்து பெட்டிக்குள் போன மருந்து தெளிக்கும் ட்ரோன், புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வயல் மறுபடி பச்சை கட்டிய பிறகுதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. கலியாணங்களுக்கு வானிலிருந்து படம் எடுப்பவர் ஒருவர், புதிய ட்ரோன் வாங்கிய உற்சாகத்தில் பழையதைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, இரண்டு வருஷம் கழித்து அதைத் தம் தம்பி மகனுக்குக் கொடுக்க நினைக்கிறார். கல்லூரி மாணவன் ஒருவன், தன் கையாலேயே இணைத்துக் கட்டிய ட்ரோனைப் பரீட்சைகள் முடியும்வரை மறந்திருக்கிறான். இந்த மூவரும் பெட்டியைத் திறக்கும் நாளில் காண்பது ஒரே காட்சிதான்: இறக்கைகளில் பழுதில்லை, மோட்டார்கள் விரல் பட்டதும் சுழல்கின்றன, காமிராவின் கண்ணாடியில் தூசுகூட இல்லை, பாட்டரி மட்டும் எந்தச் சலனமும் இன்றிக் கிடக்கிறது.

ட்ரோனின் மற்ற உறுப்புகள் எல்லாம் வேலை செய்யும்போது தேய்கின்றன. பாட்டரியோ வேலை செய்யாதபோதும் தேய்கிறது. நாம் அதை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டோம் என்று நினைத்து நிம்மதியாக இருந்த மாதங்கள் முழுவதும், அதனுள்ளே ரசாயன வினைகள் ஓயாமல் நடந்துகொண்டேயிருந்தன. ஆதலால் பாட்டரிக்கு ஓய்வு கொடுப்பதும் அதற்கு வேலை கொடுப்பதைப் போலவே நம் கவனத்தைக் கோரும் ஒரு காரியம். இந்த அத்தியாயத்தின் சாரம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: நிறைவயிற்றோடும் அதை உறங்க விடாதீர்கள், வெறுவயிற்றோடும் உறங்க விடாதீர்கள், அரைவயிற்றோடு, உஷ்ணம் குறைந்த இடத்தில் உறங்க வையுங்கள். பின்வரும் விதிகள் யாவும் இந்த ஒரு விதியின் விரிவே.

உள்ளே நடப்பது என்ன

ட்ரோன்களில் பெரும்பாலும் பயன்படும் லித்தியம் பாலிமர் பாட்டரி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சில செல்களின் தொகுதியாகும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும், தாமிரத் தகட்டின்மேல் பூசிய கிராஃபைட் ஒரு புறமும், அலுமினியத் தகட்டின்மேல் பூசிய லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு மறுபுறமும் இருக்க, அவை ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் திரை ஒன்று நடுவில் நிற்க, இவை எல்லாவற்றையும் எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவம் நனைத்துக்கொண்டிருக்கிறது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிராஃபைட்டுக்கும், மின்னிறங்கும்போது கிராஃபைட்டிலிருந்து ஆக்சைடுக்கும் போய்வருகின்றன. இந்தப் போக்குவரத்துக்கு வழி வகுத்தவர்களுள் ஸ்டான்லி விட்டிங்ஹாம், 1980ல் கோபால்ட் ஆக்சைடின் தகுதியைக் கண்டறிந்த ஜான் குட்இனஃப், அதை வீட்டில் பயன்படுத்தும்படி பக்குவப்படுத்திய அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1991ல் ஸோனி நிறுவனம் லித்தியம் அயனி பாட்டரியை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஒரு செல்லின் நிறைவயிறு 4.20 வோல்ட், உயர் வோல்ட் வகை என்று எழுதி விற்கப்படும் சில செல்களுக்கு மட்டும் 4.35 வோல்ட். அரைவயிறு என்று நான் சொல்வது 3.80 முதல் 3.85 வோல்ட் வரை. ஓய்வில் இருக்கும் செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமானால் அது பசி, 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்குமானால் அது பட்டினி.

நிறைவயிற்றோடு நெடுநாள் கிடக்கும் செல்லில் உள்ளிருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. கிராஃபைட்டின்மேல் இயல்பாகவே படிந்திருக்கும் பாதுகாப்புப் படலம் அளவுக்கு மீறித் தடித்து, மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தைத் தானே விழுங்கிவிடுகிறது. உஷ்ணம் கூடக்கூட இந்தச் சிதைவு விரைவுபடுகிறது. லித்தியம் அயனி பாட்டரிகளைப் பற்றிப் பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கின்படி, 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 40 சதவீத நிரப்போடு ஓராண்டு கிடந்த பாட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய 4 சதவீதத்தை இழக்க, அதே காலம் முழு நிரப்போடு கிடந்தது ஏறக்குறைய 20 சதவீதத்தை இழக்கிறது. உஷ்ணம் 40 டிகிரியானால் அவ்விழப்புகள் முறையே 15 சதவீதமாகவும் 35 சதவீதமாகவும் உயர்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர் மாடி அறைகளின் உஷ்ணம் என்ன என்பதை அறிந்த எவருக்கும் இந்த எண்களின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

வெறுவயிற்றோடு கிடப்பதன் கேடு இதைவிடக் கொடியது. எந்தப் பாட்டரியும் சும்மா இருக்கும்போதே மாதத்துக்குச் சில சதவீதம் தன் மின்சாரத்தை இழந்துகொண்டேயிருக்கும். உள்ளே மின்னணுச் சுற்று உடையதானால் அந்தச் சுற்றும் ஓயாமல் உண்டுகொண்டேயிருக்கும். பறந்து முடித்து, விளக்கு ஒன்று மட்டும் எரியும் நிலையில் வைத்துவிட்ட பாட்டரி, சில மாதங்களிலேயே பட்டினிக்குப் போய்விடுவது இதனால்தான். பட்டினி நிலையில், தாமிரத் தகடே கரைந்து திரவத்தோடு கலக்கத் தொடங்குகிறது. அப்படிக் கரைந்த தாமிரம், நாம் மறுபடி மின்னேற்றும்போது, இருந்த இடத்துக்குத் திரும்பாமல் கண்ட இடத்தில் படிந்து, ஊசிபோல் வளர்ந்து, நடுத்திரையைத் துளைத்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கக்கூடும். பட்டினி கிடந்த பாட்டரி பெட்டிக்குள் கிடந்த காலத்தில் அபாயம் குறைவு. அதை எழுப்ப நாம் கை வைக்கும் கணத்திலும், எழுப்பிய பின் வரும் நாட்களிலும்தான் அபாயம் அதிகம். இதை மறவாதவரே இந்த வேலையில் இறங்கலாம்.

தொடுவதற்கு முன் பார்த்தல்

சார்ஜரைத் தேடுவதற்கு முன்னால், பாட்டரியை நல்ல பகல் வெளிச்சத்தில் ஒரு மேஜைமேல் வைத்து, கண்ணாலும் மூக்காலும் கையாலும் பரிசோதிக்க வேண்டும். தட்டையாக இருக்க வேண்டிய பக்கங்கள் தலையணைபோல் உப்பியிருக்கின்றனவா. மேலுறை கிழிந்தோ, மூலை நசுங்கியோ, கத்தி பட்ட கீறல் போன்ற தழும்போ தெரிகிறதா. இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாசனையை ஒத்த இனிப்பு கலந்த நெடி வருகிறதா. பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் பாட்டரியானால், ட்ரோனுக்குள் முன்போல் வழுக்கிக்கொண்டு நுழையாமல் இறுக்கிப் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இவற்றுள் உப்பல், துளை, நசுங்கல், நெடி என்ற நான்கில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அந்தப் பாட்டரிக்கு மின்னேற்றம் கிடையாது. இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியே அதற்கு உரியது.

உப்பிய பாட்டரியை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றி, டேப் ஒட்டி மறுபடி பயன்படுத்தலாம் என்று சொல்வோர் உண்டு. உள்ளே இருப்பது தீப்பற்றும் ஆவி. குத்திய துளை வழியாக உட்புகும் காற்றிலுள்ள ஈரமோ, உள்ளிருக்கும் உப்புகளோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் கொடிய விஷவாயுவை உண்டாக்கக்கூடியது. ஊசியே இரண்டு தகடுகளையும் இணைத்துவிட்டால் தீ அந்தக் கணத்திலேயே எழும். எவர் சொன்னாலும் அதைச் செய்ய வேண்டாம்.

அளந்து அறிதல்

கண்ணுக்குப் பழுதில்லாத பாட்டரியை அடுத்தபடியாக அளக்க வேண்டும். மொத்த வோல்ட்டை மட்டும் அளப்பது போதாது. நான்கு செல் பாட்டரி ஒன்று மொத்தம் 13.6 வோல்ட் காட்டினால், நான்கும் 3.4 வோல்ட்டில் ஒத்து நிற்கின்றன என்றும் இருக்கலாம், மூன்று செல் 3.75 வோல்ட்டில் நிற்க நான்காவது 2.35 வோல்ட்டில் பட்டினி கிடக்கிறது என்றும் இருக்கலாம். செல் ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிவதற்காகவே, தடித்த இரண்டு வயர்களோடு மெல்லிய பாலன்ஸ் வயர்த்தொகுதி ஒன்று வெளியே வருகிறது. நான்கு செல்லுக்கு அதில் ஐந்து முனைகள் இருக்கும். கறுப்பு வயரிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்துள்ள இரண்டு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் தெரியும். முனைகள் நெருங்கியிருப்பதால் மல்டிமீட்டரின் ஊசிகள் வழுக்கி ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பிடிக்க வேண்டும். சொற்ப விலைக்குக் கிடைக்கும் செல் செக்கரைச் செருகி அளப்பது அதைவிட நல்லது.

அளந்தபின் பாட்டரியை அதன் மிகக் குறைந்த செல்லின் தரத்தில் வைத்தே நிர்ணயிக்க வேண்டும். எல்லாச் செல்களும் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், அது உறங்கியது மட்டுமே. வழக்கமான மின்னேற்றம் போதும், அதையும் பாதி வேகத்தில் செய்வது நலம். 3.0 முதல் 3.5 வரை இருந்தால், அது பசித்திருக்கிறது. கீழே சொல்லும் முறைப்படி நிதானமாக எழுப்பலாம். 2.5 முதல் 3.0 வரை இருந்தால், எப்போது கடைசியாக மின்னேற்றினோம், எத்தனை நாள் இந்த நிலையில் கிடந்தது என்பதை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். சென்ற வாரம் சுவிட்சை அணைக்க மறந்ததனால் இப்படி ஆயிற்று என்று திட்டமாகத் தெரிந்தால் மட்டும் ஒரு முயற்சி செய்யலாம், மாதக்கணக்கில் கிடந்ததானால் கைவிட வேண்டும். ஒரு செல்லாவது 2.5க்குக் கீழே இருந்தால், பாட்டரியின் விலை எத்தனையாயினும் அதைக் கைவிடுவதே விவேகம்.

இந்தக் கண்டிப்பு சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். கைவிளக்கில் பயன்படும் செல்லைப் பலர் 2 வோல்ட்டிலிருந்தும் எழுப்பி நெடுநாள் எரித்திருக்கிறார்களே என்று அவர்கள் கேட்கலாம். கைவிளக்கு அணைந்தால் இருட்டில் நிற்போம், அவ்வளவே. ட்ரோனின் பாட்டரி நடுவானில் அணைந்தால், கல்யாணப் பந்தலின்மேலோ, வயலில் நாற்று நடும் பெண்களின்மேலோ, மருந்துக் குடத்தோடு பல கிலோ எடை விழுகிறது. பாட்டரியை எழுப்ப முடியுமா என்ற கேள்விக்குப் பின்னால், எழுப்பியதை மனிதர் தலைக்குமேல் அனுப்பத் துணிவோமா என்ற கேள்வி நிற்கிறது. இரண்டாவதற்கு ஆம் என்று சொல்ல இயலாதபோது முதலாவதற்கு விடை தேடுவதில் பிரயோஜனம் இல்லை.

எழுப்பும் முறை

இடத்தைத் தெரிந்துகொள்வதே முதல் காரியம். திண்ணை, முற்றம், கூரையுள்ள மாடித்தளம் போன்ற காற்றோட்டமான இடம் உத்தமம். வீட்டுக்குள்தான் ஆகவேண்டுமானால், திரைச்சீலை, மெத்தை, காகிதக் கட்டு, எரிவாயு அடுப்பு ஆகியவற்றுக்குத் தொலைவாகவும், வெளியேறும் வாசலை மறிக்காத இடமாகவும் இருக்க வேண்டும். செங்கல் அல்லது சிமென்ட் தரைமேல் அகன்ற மண் தொட்டி ஒன்றை வைத்து அதற்குள் பாட்டரியை வைக்கலாம். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும். மின்னேற்றம் முடியும்வரை ஒருவர் பார்வை அதன்மேல் இருந்தே ஆக வேண்டும்; இரவில் செருகிவிட்டு உறங்கும் பழக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

முதற்படியில், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் மின்னேற்ற வேண்டும். 1,500 மில்லி ஆம்பியர் மணி எழுதிய பாட்டரிக்கு 0.15 ஆம்பியர், 5,000க்கு 0.5 ஆம்பியர், மருந்து தெளிக்கும் ட்ரோனின் 16,000க்கு 1.6 ஆம்பியர். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சித் தண்ணீரைக் கொடுப்பதுபோல, செல்கள் யாவும் 3.3 வோல்ட்டை எட்டும்வரை இந்த வேகத்தை உயர்த்தக் கூடாது. அரைமணி நேரத்தில் எந்தச் செல்லாவது 3.0 வோல்ட்டை எட்ட மறுத்தாலோ, ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் பின்தங்கினாலோ, தொட்டால் வெதுவெதுப்புத் தெரிந்தாலோ, பக்கம் சிறிதாவது புடைக்கத் தொடங்கினாலோ, முயற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும். இத்தனை மெல்லிய மின்னோட்டத்தில் ஆரோக்கியமான செல் சூடாகாது. சூடாகுமானால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மிகவும் இறங்கிய பாட்டரியைப் பல சார்ஜர்கள் ஏற்க மறுத்துவிடும். அப்போது சார்ஜரை நிக்கல் பாட்டரிக்குரிய முறையில் மாற்றி அதை ஏமாற்றும் உபாயம் ஒன்று வழக்கில் இருக்கிறது. அந்த முறையில் சார்ஜர் செல்களைத் தனித்தனியே கவனிப்பதில்லை, 4.20 வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. சிறிது நேரம் மறந்தால் பாட்டரி தீப்பற்றும் வரை ஏற்றிக்கொண்டேயிருக்கும். சார்ஜரின் மறுப்பை ஒரு வைத்தியரின் எச்சரிக்கையாக எண்ணிக் கீழ்ப்படிவதே நன்று.

இரண்டாம் படியில், கொள்ளளவில் பாதி வேகத்தில், பாலன்ஸ் வயரையும் இணைத்து, செல்கள் 3.85 வோல்ட்டை அடையும்வரை ஏற்றி நிறுத்தி, ஒவ்வொன்றின் வோல்ட்டையும் எழுதி வைத்து, இரண்டு நாள் அந்த மண் தொட்டியிலேயே விட வேண்டும். இரண்டு நாளும் நாம் ஒன்றும் செய்வதில்லை; ஆனால் பரிசோதனையின் உயிர்நிலை இதுவே. மற்றச் செல்கள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் 0.05 வோல்ட் அளவுக்கு மேல் இறங்கியிருந்தால், அதனுள்ளே மின்சாரம் கசிகிறது. அந்தப் பாட்டரி போகட்டும்.

மூன்றாம் படியில் முழுமையாக ஏற்றி, சார்ஜரிலேயே மின்னிறக்கி, எத்தனை மில்லி ஆம்பியர் மணி வெளிவந்தது என்று பார்க்க வேண்டும். மேலுறையில் எழுதிய அளவில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் அது இனிப் பறப்பதற்கு உரியதன்று. உள்தடையை அளந்து காட்டும் சார்ஜரானால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு செல்லின் தடை மற்றவற்றைப்போல் இருமடங்கு இருக்குமானால், மோட்டார்கள் பலமாக இழுக்கும் வேளையில் அந்தச் செல்லே முதலில் சரியும். இவற்றையும் கடந்த பாட்டரியை மறுபடி ஏற்றி, ஆளில்லாத மைதானத்தில், இடுப்பளவு உயரத்துக்குமேல் போகாமல், நாலைந்து நிமிஷம் நிலையாக மிதக்கவிட்டு, வோல்ட் எப்படி இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். சீராக இறங்கினால் பாட்டரி தேறிவிட்டது. படியிலிருந்து விழுவதுபோல் திடீரென்று சரிந்தால் உடனே இறக்கிவிட்டு அதற்கு ஓய்வூதியம் கொடுக்க வேண்டும்.

தானே கணக்கு வைக்கும் பாட்டரிகள்

டி.ஜே.ஐ. முதலிய நிறுவனங்களின் ட்ரோன்களில் வரும் பாட்டரிகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் செல்களோடு ஒரு மின்னணுச் சுற்றையும் கொண்டவை. மிகவும் இறங்கிய நிலையில் அந்தச் சுற்று தன்னையே அணைத்துக்கொண்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுவதுண்டு. அப்போது பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு எரியாது. பாட்டரி இறந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அதற்கென்றே வந்த சார்ஜரில் இணைத்து, பக்கத்திலேயே இருந்து, சிறிது நேரம் பார்க்க வேண்டும். மின்சாரம் பட்டதும் விழித்துக்கொள்ளும்படியே அது அமைக்கப்பட்டிருக்கிறது. விழித்தபின் முழுமையாக ஏற்றி, ட்ரோனோடு சேரும் செயலியில் செல்களின் வோல்ட்டைத் தனித்தனியே காட்டும் பக்கத்தைத் திறந்து, ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விழிக்காவிட்டால், கூட்டைப் பிளந்து செல்களுக்கு நேராக மின்சாரம் கொடுக்க வேண்டாம். அந்தச் சுற்று உறங்கியது நம்மைக் காப்பாற்றுவதற்காகவும் இருக்கலாம்.

இவ்வகைப் பாட்டரிகள் முழு நிரப்போடு சில நாள் சும்மா கிடந்தால் தாமாகவே ஓரளவுக்கு மின்னிறக்கிக்கொள்ளும். அச்சமயம் சற்று வெதுவெதுப்பது இயல்பு. இந்த வசதியை நம்பி, மாதக்கணக்கில் திரும்பிப் பாராமல் இருந்துவிடக் கூடாது. அது நிறைவயிற்றுக் கேட்டிலிருந்து காக்குமே தவிர, வெறுவயிற்றுக் கேட்டிலிருந்து காக்காது. கையில் பிடிக்கும் ரிமோட்டுக்குள்ளும் இதே வகைச் செல்கள் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உறங்க வைக்கும் முறை

எழுப்புவதில் உள்ள சிரமமும் அபாயமும் உறங்க வைப்பதில் இல்லை. பறந்து முடித்த பாட்டரி கைச்சூடு ஆறும்வரை காத்திருந்து, அன்று மாலையே, சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று எழுதியிருக்கும் முறையில் வைத்தால், அதிகம் இருந்தால் இறக்கியும் குறைவாக இருந்தால் ஏற்றியும், அதுவே செல்லுக்கு 3.80 அல்லது 3.85 வோல்ட்டில் நிறுத்திவிடும். மொத்தத்தில் பார்த்தால் மூன்று செல்லுக்கு 11.4 வோல்ட், நான்குக்கு 15.2, ஆறுக்கு 22.8 என்பதும் அதைச் சற்றே கடந்ததும் அரைவயிறு. மழை வந்து பறக்கும் வேலை தள்ளிப்போனதனால் முழுமையாக ஏற்றியபடி நின்றுவிட்ட பாட்டரிகளையும், இரண்டு மூன்று நாளுக்குமேல் அப்படியே விடாமல் இறக்கிவிட வேண்டும்.

ஒரு கோடையில், மறுவாரமே பறக்கப் போகிறோம் என்ற நினைப்பில், நான்கு பாட்டரிகளை முழுமையாக ஏற்றி மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையின் அலமாரியில் வைத்தேன். மறுவாரம் மறுமாதமாகி, அக்கினி நட்சத்திரமும் கழிந்து, ஆனி பிறந்தபின் அலமாரியைத் திறந்தபோது, நான்கில் மூன்று உப்பியிருந்தன. கீழ்த்தள அறையில் அரைவயிற்றோடு வைத்திருந்த, அவற்றைவிட வயது மூத்த இரண்டு பாட்டரிகளோ எந்த மாற்றமும் இன்றி இருந்தன. ஒரே கடையில் ஒரே வகையாக வாங்கியவை அவை எல்லாம். அன்றிலிருந்து நான் இந்த விஷயத்தில் சோம்பியதில்லை.

20 முதல் 25 டிகிரி வரையுள்ள உஷ்ணமே பாட்டரிக்கு உகந்தது. நம் நாட்டில் அது வருஷம் முழுவதும் கிடைப்பதன்று. ஆகையால் வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைத் தேட வேண்டும். கீழ்த்தளத்தில், வெயில் படாத வடக்குச் சுவரை ஒட்டிய தரைமட்ட இடம் பெரும்பாலும் அத்தகையது. மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண், தகரக் கூரையிட்ட கொட்டகை, வெயிலில் நிற்கும் கார் ஆகிய மூன்றும் எந்நாளும் ஆகா; பூட்டிய காருக்குள் கோடைவெயிலில் உஷ்ணம் 60 டிகிரியை எட்டக்கூடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்கும் பாட்டரியின்மேல் நம் காற்றின் ஈரம் வியர்த்துவிடும் ஆதலால் அதுவும் வேண்டாம்.

பாட்டரிகளை ட்ரோனிலிருந்து கழற்றி, முனைகளை மூடியிட்டு அல்லது டேப் ஒட்டி, ஒன்றையொன்று உரசாதபடி தீத்தாங்கும் பைகளில் இட்டு, பழைய டிரங்குப் பெட்டி போன்ற உலோகப் பெட்டியில் செங்கல்லின்மேல் வைக்கலாம். பெட்டி காற்றுப் புகாதபடி இறுக மூடுவதாக இருக்கக் கூடாது. உள்ளே தீப்பிடித்தால் வாயு வெளியேற வழியின்றிப் பெட்டியே வெடிக்கும். சாவி, ஆணி, சில்லறைக் காசு ஆகியவற்றை அதே பெட்டியில் போடக் கூடாது.

ஒவ்வொரு பாட்டரிமேலும் சிறு காகிதம் ஒட்டி, வாங்கிய நாள், கடைசியாக அளந்த நாள், செல்களின் வோல்ட் ஆகியவற்றை எழுதி வைப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அளப்பதும் கட்டாயம். மறதிக்கு மருந்தாக, தை, சித்திரை, ஆடி, ஐப்பசி ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளலாம். பொங்கலும் புத்தாண்டும் ஆடிப் பிறப்பும் ஐப்பசிப் பிறப்பும் ஒருவருக்கும் மறப்பதில்லை. 3.75 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை மறுபடி 3.85க்கு ஏற்றி வைத்தால் போதும். கால்மணி நேர வேலை.

2023ல் அறிவிக்கப்பட்ட நமோ ட்ரோன் தீதி திட்டத்தின்கீழ் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன்கள் வழங்கப்படுகின்றன. இத்தகைய குழுக்களில் பறக்கவிடும் பயிற்சியைப் பலர் பெற்றாலும், பருவம் முடிந்தபின் பாட்டரிகளைக் காக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வைப்பது அவசியம். எல்லாருக்கும் பொதுவான பாட்டரி பெரும்பாலும் எவருடைய கவனத்திலும் இராமல் பட்டினிக்குப் போகிறது.

விடை கொடுக்கும் முறை

கைவிடுவதென்று தீர்மானித்த பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடுவது, குப்பை வண்டியிலோ கிடங்கிலோ தொழிலாளர் ஒருவரின் கையருகே தீயை வைப்பதற்கு ஒப்பாகும். உப்பாமல், சேதமுறாமல், கொள்ளளவு மட்டும் குறைந்த பாட்டரியானால், முதலில் அதன் மின்சாரத்தை முற்றிலும் வெளியேற்றலாம். மூன்று செல் பாட்டரிக்கு 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்து, வெட்டவெளியில் வைத்து, அது அணையும் வரையும் அணைந்தபின் சில மணி நேரமும் விட்டால் போதும். உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்தை நம்ப முடியாது. உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும்போதே முனைகள் அரித்துப்போய், தீர்ந்துவிட்டது என்ற பொய்த்தோற்றத்தைத் தருகிறது. உப்பிய பாட்டரிக்கு எதையும் இணைக்காமல், முனைகளை டேப்பால் மூடி, உலர்ந்த மணல் நிறைந்த உலோக வாளியில் இட்டு, கட்டடத்துக்கு வெளியே வைத்து, விரைவில் ஒப்படைக்க வேண்டும். வயரை வெட்ட நேர்ந்தால் ஒரு வயரை வெட்டி டேப் ஒட்டிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே கத்தரியால் சேர்த்து வெட்டினால் கத்தரியே ஷார்ட் ஆகிவிடும். 2022ல் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமை உற்பத்தியாளரைச் சேர்ந்தது. ஆகவே விற்ற கடையிலோ, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடமோ தயங்காமல் கொடுக்கலாம்.

எல்லா ஜாக்கிரதையையும் மீறிப் புகை எழுமானால், புகையைச் சுவாசிக்காமல் விலகி, முடிந்தால் மின்சார இணைப்பைத் துண்டித்து, வீட்டிலுள்ளவர்களை வெளியே அனுப்பி, 101க்கு அழைக்க வேண்டும். சிறிய பாட்டரியைத் தொலைவிலிருந்து மணலால் மூடித் தீ பரவாமல் தடுக்கலாம். நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதும் தவறில்லை. அணைந்ததுபோல் தோன்றிய பாட்டரி சில மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றக்கூடும் ஆதலால், அதை உடனே கையில் எடுக்கக் கூடாது.

பட்டினி கிடந்த பாட்டரியை எழுப்புவது எப்படி என்று அறிவதற்காகவே இந்த அத்தியாயத்தைத் திறந்தவர் பலர் இருப்பர். அவர்களுக்காகவே அந்த முறையைப் படிப்படியாக எழுதினேன். எனினும் அந்தப் பகுதி அவர்களுக்கு இனி ஒருமுறையும் தேவைப்படாமல் போக வேண்டும் என்பதே என் விருப்பம். அடுத்த ஐப்பசியில் வயல் பச்சை கட்டும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஆடி முதல் நாள் தாமே எழுதி ஒட்டிய காகிதத்தில் 3.83 என்ற எண்ணைப் படித்து, மீட்டரிலும் ஏறக்குறைய அதே எண்ணைக் காண்பவருக்குப் பாட்டரியை எழுப்பும் வேலை ஒன்றும் இராது; ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போகலாம்.